கையெழுத்தும் கண்காணிப்பும்

பொதுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் விபத்து நேர்ந்துவிட்டால், உடனே தேடப்படுபவர் ஏணியின் கடைசிப் படியில் நிற்பவரே. ஓட்டுநர் யார், தொழில்நுட்பர் யார், அன்றிரவு பணியில் இருந்தவர் யார் என்றே வினாக்கள் எழுகின்றன. அவருக்கு மேலே மேற்பார்வையாளர். அவருக்கும் மேலே மேலாளர். அனைவருக்கும் மேலே இயக்குநர் வாரியம். ஏணியில் ஏற ஏற வினாவின் குரல் தாழ்ந்துகொண்டே போகிறது. உச்சிப்படியை எட்டும்போது ஊமையாகிவிடுகிறது. வாரியத் தலைவர் வருத்தம் தெரிவிப்பார். நிறுவனம் தண்டம் கட்டும். அடுத்த ஆண்டறிக்கையில் பாதுகாப்பே முதன்மை என்னும் வாசகம் சற்றே பெரிய எழுத்தில் அச்சேறும்.

இவ்வழக்கம் நீதியன்று. தன்முன் வைக்கப்படும் அறிக்கைக்குத் தலையசைப்பது வாரியத்தின் கடமையன்று. அவ்வறிக்கை மெய்தானா என்று கேட்பதே அதன் கடமை. கேளாதிருந்தது பிழைக்குச் சமாதானம் ஆகாது, அதுவே பிழை.

மூன்று கையெழுத்துகள்

2017 அக்டோபர் 7-ஆம் நாள் மாலை சிங்கப்பூரில் கனமழை பெய்தது. பீஷானுக்கும் பிரேடலுக்கும் இடைப்பட்ட சுரங்கத்துள் மழைநீர் புகுந்து தண்டவாளத்தை மூழ்கடித்தது. வடக்கு தெற்கு ரயில் தடத்தில் ஏறத்தாழ 20 மணி நேரம் சேவை பாதிக்கப்பட்டது. நீரைத் தேக்கும் தொட்டியும் அதனை வெளியேற்றும் பம்புகளும் அங்கே இல்லாமல் இல்லை. இருந்தன, இயங்கவில்லை.

ஏன் இயங்கவில்லை என்று துருவியபோது, மழையினும் பெரிய செய்தி வெளிப்பட்டது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்யவேண்டிய பராமரிப்பு வேலை 2016 டிசம்பரிலும், 2017 மார்ச்சிலும், ஜூனிலும் செய்து முடிக்கப்பட்டதாக ஏடுகளில் கையெழுத்து இருந்தது. வேலை நடக்கவில்லை, கையெழுத்து மட்டும் தவணை தவறாமல் நடந்திருந்தது.

பொய்க் கையெழுத்து இட்டவர் குற்றவாளி; அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு பொய் ஒருமுறை நிலைப்பதற்குச் சொன்னவரின் துணிவு போதும். மூன்று முறை நிலைப்பதற்குக் கேட்பவரின் உறக்கமும் வேண்டும். பத்து மாத காலத்தில், அவ்வேடுகளைப் பெற்றுக்கொண்ட மேல்நிலையினர் சுரங்கத்தில் இறங்கிப் பம்பை ஒருமுறை இயக்கிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்கும் வழக்கத்தை நிறுவ வேண்டியவர் யார்? பராமரிப்பு ஊழியரா? அல்லர். அவ்வழக்கத்தை ஆணையாக இட்டு, நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது வாரியம்.

முன்னெச்சரிக்கை இல்லாமலா?

இது முதல் தடவையாக நேர்ந்த அதிர்ச்சி என்று சொல்லவும் வழியில்லை. 2011 டிசம்பர் 15, 17 ஆகிய இரு நாள்களில் அதே தடம் முடங்கி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அல்லலுற்றனர். இருண்ட வண்டியில் மூச்சுத் திணறியவர்கள் கண்ணாடியை உடைத்துக் காற்றைத் தேடினர். மின்சாரம் வழங்கும் மூன்றாம் தண்டவாளத்தைத் தாங்கும் பற்றிகள் கழன்றிருந்ததையும், எஸ்.எம்.ஆர்.டி. நிறுவனத்தின் பராமரிப்பு முறையில் குறைகள் இருந்ததையும் 2012-ஆம் ஆண்டின் விசாரணைக் குழு எடுத்துரைத்தது. தண்டம் 2 மில்லியன் வெள்ளி. 2015 ஜூலை 7-ஆம் நாள் மாலை இரு பெருந்தடங்கள் ஒருசேர நின்றன, பாதிக்கப்பட்டோர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், தண்டம் 5.4 மில்லியன் வெள்ளி. 2016 மார்ச் 22-ஆம் நாள் பாசிர் ரிஸ் நிலையத்தருகே தண்டவாளத்தில் இறங்கிய இளம் பயிற்சி ஊழியர் இருவர் ரயில் மோதி மாண்டனர்.

இத்தனைக்கும் காரணம் பங்குச் சந்தையே என்று அந்நாளில் பலர் உரைத்தனர். இலாபப் பங்கு கேட்கும் முதலீட்டாளருக்கு அஞ்சியே பராமரிப்பு சுருங்கியது என்பது அவர்தம் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. 2016 அக்டோபர் மாத இறுதியில் அந்நிறுவனம் பங்குச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் முழு உடைமையாயிற்று. ரயில்களையும் இயக்கச் சொத்துகளையும் அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் பீஷான் ஏட்டின் பொய்க் கையெழுத்துகள் எந்நாளில் இடப்பட்டவை? 2016 டிசம்பரிலும் அதற்குப் பின்னரும். உடைமை கைமாறியது, கேளாத வழக்கம் கைமாறவில்லை. நிறுவனம் தனியாருடையதா அரசுடையதா என்பதொன்றே பயணியைக் காப்பாற்றிவிடாது. மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருப்பவர் வினவுகிறாரா என்பதே காப்பாற்றும்.

பாண்டியன் சொல்லாத சமாதானம்

'அதிகாரிகள் எங்களிடம் மறைத்துவிட்டனர்' என்பது வாரியங்கள் வழக்கமாகக் கூறும் முதற் சமாதானம். தமிழ் கற்றோர்க்கு இச்சமாதானத்தின் மதிப்பு நன்கு விளங்கும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனை நேரிற் கண்டவன் அல்லன். பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆணையிட்டான். சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடி அவைக்களத்தில் கிடைக்கவில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கம்.

அந்நிலையில் அவன், பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று தப்ப முயலவில்லை. காவலரைப் பணிநீக்கம் செய்து அமையவுமில்லை. விசாரியாமல் ஆணையிட்ட பிழை தன்னுடையதே என்று ஏற்று அரியணையிலேயே உயிர் துறந்தான். இன்றைய வாரியத்தாரை உயிர் விடும்படி எவரும் கேட்கவில்லை. பொற்கொல்லனைச் சுட்டிவிட்டு நாற்காலியில் நிலைபெறாதிருக்கும்படியே கேட்கின்றனர்.

இடித்துரைக்கும் பெரியோரைத் துணைகொள்ளாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. தலைமை நிருவாகிக்கு இடித்துரைப்பவர் யார்? ஊழியரால் இயலாது. அந்த இடத்தில் அமர்த்தப்பட்டது வாரியம். அதுவும் தலையாட்டினால், நிறுவனத்துக்குப் பகைவர் வேறு தேவையில்லை.

நாற்காலி பரிசா, பொறுப்பா?

மலேசியாவின் கதை மற்றொரு பாடம் தருகிறது. பிரசரானா நிறுவனம் நிதியமைச்சின் முழு உடைமை. 2021 மே 24-ஆம் நாள் இரவு, கோலாலம்பூரில் கெலானா ஜெயா தடத்தின் சுரங்கத்தில், கம்போங் பாருவுக்கும் கே.எல்.சி.சி.க்கும் இடையே, பயணியர் நிறைந்த ரயிலும் கைமுறையாக ஓட்டிவரப்பட்ட வெற்று ரயிலும் நேருக்கு நேர் மோதின. 213 பேர் காயமுற்றனர்; அவர்களுள் 47 பேருக்குக் கடுங்காயம். 1998-இல் தொடங்கிய அத்தடம் அதுவரை காணாத விபத்து அது.

இரு நாள் கழித்து வாரியத் தலைவர் செய்தியாளரைச் சந்தித்தார். அவர் நாடாளுமன்ற உறுப்பினர். 2020-இல் அப்பதவிக்கு அமர்த்தப்பட்டவர். விபத்தை அவர் எளிதாகப் பேசிய முறை மக்களைக் கொதிக்கச் செய்தது. அன்றே அவர் பதவி பறிக்கப்பட்டது. அத்துடன் மக்களின் சினமும் பெருமளவு தணிந்தது.

ஆயினும் அவர் விலக்கப்பட்டது எதன்பொருட்டு? பேசிய பேச்சின்பொருட்டு. வாரியம் என்ன கேட்டது, என்ன கேளாமல் விட்டது என்னும் வினா அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்தது. தானியங்கி ரயிலை மனிதர் கைமுறையாக ஓட்டும் வேளையில் தவறான திசையில் செல்லாமல் தடுக்கும் காப்பு எது என்று வாரிய மேசையில் யாரேனும் கேட்டிருந்தனரா? நயமாகப் பேசத் தெரிந்த ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால், அவர் பதவியும் நிலைத்திருக்கும், வினாவும் எழுந்திராது. பொதுமக்கள் வாரியத் தலைவரிடம் எதிர்பார்க்க வேண்டியது இனிய சொல்லையா, விழித்த கண்ணையா?

அரசியல் தொண்டுக்குப் பரிசாக வாரிய நாற்காலியை வழங்கும் வழக்கம் உள்ளவரை இந்நிலை மாறாது. பரிசாகப் பெற்றவர் பரிசளித்தவரை நோக்கியே அமர்ந்திருப்பார், தண்டவாளத்தை நோக்கமாட்டார்.

வாரியத்தின் பெயரைச் சொன்ன அறிக்கை

விபத்துக்கான பொறுப்பை வாரியத்தின் மீது வெளிப்படையாகச் சுமத்திய விசாரணையும் உலகில் உண்டு. 2009 ஜூன் 22-ஆம் நாள் வாஷிங்டன் மாநகர ரயிலில், ஃபோர்ட் டோட்டன் நிலையத்தருகே, நின்றிருந்த ரயிலின் மீது மற்றொரு ரயில் மோதி ஒன்பது பேர் மாண்டனர். நின்றிருந்த ரயிலைத் தடத்தின் மின்சுற்று கண்டுணரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2005-இல், ரோஸ்லின் அருகே இதே வகைக் கோளாற்றால் மோதல் ஒன்று மயிரிழையில் தவிர்ந்தது. அக்கோளாற்றைக் கண்டறியும் சோதனை முறையைப் பொறியாளர் அப்போதே வகுத்தும், அது வழக்கமான பணியாக வேரூன்றவில்லை.

நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு 2010-இல் வெளியிட்ட முடிவில், மின்சுற்றின் கோளாற்றோடு நிற்கவில்லை. விபத்துக்குத் துணைநின்ற காரணங்களுள் ஒன்றாக, இயக்குநர் வாரியத்தின் பயனற்ற பாதுகாப்புக் கண்காணிப்பையும் எழுதிவைத்தது. கம்பியும் கருவியும் போல, கேளாத வாரியமும் விபத்தின் உறுப்பு என்று அது உரைத்தது.

எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் அந்நகரமே சான்று. 2015 ஜனவரியில் சுரங்கத்தில் சூழ்ந்த புகையால் ஒரு பயணி உயிரிழந்தார். அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசே பாதுகாப்புக் கண்காணிப்பை நேரடியாக ஏற்றது. 2019-இல் அதிகாரம் மிக்க தனி ஆணையம் ஒன்று அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. உள்ளே கண்காணிப்பு உறங்கினால் வெளியிலிருந்து தடி வந்தே தீரும். அதற்குள் உயிர்கள் போய்விடுகின்றன என்பதே வேதனை.

பொறியாளர் அல்லாதவர் என் செய்வது?

'வாரியத்தார் பொறியாளர் அல்லர். அன்றாட வேலையில் அவர்கள் தலையிடலாகாது' என்பது இரண்டாம் சமாதானம். ரயிலை ஓட்டுவது வேறு; ஓட்டுவோரைக் கண்காணிப்பது வேறு. ஒரு திருகாணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று வாரியம் சொல்ல வேண்டியதில்லை. அது முறுக்கப்பட்டது என்பதற்குக் கையெழுத்தைத் தவிர வேறென்ன சான்று என்று கேட்கப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை.

2024 செப்டம்பர் 25 முதல் ஆறு நாள் சிங்கப்பூரின் கிழக்கு மேற்குத் தடத்தின் ஒரு பகுதி முடங்கியது. பழைய ரயில் ஒன்றின் அச்சுப் பெட்டி கழன்று விழுந்து, தண்டவாளங்கள் முறிந்தன. முழுப் பழுதுபார்ப்புக்கான இடைவெளி 500,000 கிலோமீட்டரிலிருந்து 575,000-ஆகவும், பின்னர் 750,000-ஆகவும் நீட்டப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அந்த ரயில் 690,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு கருவியின் ஓய்வை ஏன் ஒன்றரை மடங்கு தள்ளிப்போடுகிறீர்கள், தள்ளிப்போட்ட காலத்துக்கு என்ன காப்பு என்று கேட்க ஒரு பள்ளி மாணவனாலும் முடியும்.

மூன்றாம் சமாதானம் தண்டம். 'குற்றத்துக்குரிய பணம் கட்டியாயிற்று' என்பர். கட்டியது நிறுவனத்தின் கருவூலம். வாரியத்தாரின் கைப்பணம் அன்று. அக்கருவூலத்துள் பயணியின் கட்டணமும் இருக்கிறது. இடுக்கண் பட்டவரின் காசும் சேர்ந்து தண்டமாகிறது. இருக்கையில் இருந்தவர் இருக்கையிலேயே இருக்கிறார்.

வேண்டுவன

எனவே செய்யவேண்டியவை தெளிவானவை. வாரியத்தில் பாதுகாப்புக்கெனத் தனிக்குழு வேண்டும். பாதுகாப்பு அதிகாரியும் உள்தணிக்கையாளரும் தலைமை நிருவாகியின் வழியாக அன்றி, நேரே அக்குழுவிடம் பேச உரிமை வேண்டும். பராமரிப்பு ஏடுகளைச் சொல்லாமற் கொள்ளாமல் களத்தில் சென்று சரிபார்க்கும் முறை வேண்டும். எந்தப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டாலும் காரணமும் ஒப்புதல் தந்தோர் பெயரும் வாரியக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ரயில் தொழில் அறிந்தவரும், நாளும் அதில் பயணம் செய்பவரும் வாரியத்தில் இடம்பெற வேண்டும். பெருந்தவறு நேர்ந்தால் நிறுவனம் தண்டம் கட்டும் ஆண்டில் இயக்குநர்களின் ஊதியமும் குறைய வேண்டும்.

இவை ரயிலுக்கு மட்டும் உரிய பாடங்கள் அல்ல. தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியம், ஆலய நிருவாகக் குழு, எழுத்தாளர் சங்கச் செயலவை ஆகிய அனைத்திலும் இருக்கைகள் உண்டு. கையெழுத்துக்கு நீட்டப்படும் ஏடுகளும் உண்டு. இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் நாளை அவ்விருக்கைகளில் அமர்வர். கணக்கு வாசிக்கப்பட்டதும் கைதட்டி ஏற்பதையா, எழுந்து ஐயம் கேட்பதையா அவர்கள் ஆசிரியரிடம் கற்றுச் செல்லப்போகின்றனர்? ஐயம் கேட்கும் மாணவனை அடக்கும் வகுப்பறையிலிருந்து கண்காணிக்கும் வாரியம் பிறவாது.

கையெழுத்து ஒரு நொடியில் இடப்படுவது. கண்காணிப்பு நாள்தோறும் செய்யப்படுவது. முன்னதை மட்டும் செய்ய விரும்புவோர் பொதுமக்களின் உயிரைச் சுமக்கும் நிறுவனத்தின் தலைமாட்டில் அமரத் தகுதியற்றவர்.