கடை திறக்கும் நேரமும் நோய்த்தடுப்புத்தான்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, கொவிட் தொற்றைத் தடுக்க, இலங்கை முழுவதும் ஊரடங்கு அமுலானது. கண்டி மாவட்டத்தில் அது தளர்ந்தது 23ஆம் திகதி திங்கட்கிழமை காலை 6 மணிக்கு. பிற்பகல் 2 மணிக்கு மறுபடி அமுல். நடுவில் எட்டு மணித்தியாலம். அடுத்து எப்போது கடை திறக்கும், எத்தனை நாளைக்குச் சாமான் வாங்கி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த எட்டு மணித்தியாலத்துக்குள் அரிசி, பருப்பு, கோதுமை மா, சீனி, பால்மா, காஸ், அம்மாவின் பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் தேடி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, கம்பளைக் கடைவீதிகளிலும் சனம் தோளோடு தோள் இடித்து நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சுகாதாரத் துறையினரான நாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அதே வாரத்தில்தான்.

சனத்துக்குப் பொறுப்பில்லை என்று அப்போது சொன்னவர்கள் அதிகம். சுகாதாரத் துறைக்குள்ளும் அந்தப் பேச்சு இருந்தது. பயிற்சி வகுப்புகளில் இன்றும் இருக்கிறது. சமூக விழிப்புணர்வு என்ற தலைப்பின் கீழ் ‘தேவைக்கு அதிகமாக வாங்காதீர்கள்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறோம். இவ்விதழின் நிலைப்பாடு வேறு. அன்று கண்டியில் கூட்டத்தைக் கூட்டியது அறிவித்தலில் இருந்த நேரம். கடை எப்போது திறக்கும், எவ்வளவு நேரத்துக்கு, யாருக்கு என்பதெல்லாம் தொற்றுநோய்த் தடுப்பின் பாகம். அந்தத் தீர்மானத்தை வேறு மேசைகளுக்கு விட்டுவிட்டு, கூட்டம் கூடிய பிறகு இடைவெளி விடச் சொல்லிப் போய் நிற்பது நமக்கு அழகல்ல.

கண்டிச் சனத்துக்கு ஊரடங்கு புதிதல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 5ஆம் திகதி, திகன, தெல்தெனிய வன்செயலோடு மாவட்டத்தில் ஊரடங்கு போடப்பட்டது. அடுத்த நாள் நாடளாவிய அவசரகால நிலை. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு மறுபடி ஊரடங்கு. 2018க்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வருடத்தில், 2020 மார்ச்சில், இன்னொன்று. கடைக் கதவு மூடினால் எப்போது திறக்கும் என்று தெரியாது, திறக்கிற அன்று கேட்ட சாமான் இருக்காது என்பதை இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. வயதானவர்களிடம் இன்னும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1973, 74இல் ஒரு இறாத்தல் பாணுக்கு விடியமுன் கியூவில் நின்றவர்களும், அரிசி கொண்டுபோய் வீதித்தடையில் பறிகொடுத்தவர்களும், தோட்டங்களில் பட்டினிச் சாவைக் கண்ணால் கண்டவர்களும் இன்றும் நம் கிளினிக்குகளுக்கு வந்துபோகிறார்கள். அப்படி ஒரு பாட்டி பேரனிடம் “இன்னும் ரெண்டு கிலோ மா வாங்கிப் போடு” என்று சொன்னால் அதற்குப் பதற்றம் என்று பெயர் வைப்பது பிழையான நோயறிதல்.

பருப்பின் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் திருப்பிச் சொல்லத் தகுந்தது. ஊரடங்குக்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 17ஆம் திகதி, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் ஒரு கிலோ பருப்புக்கு 65 ரூபா, பெரிய டின் மீனுக்கு 100 ரூபா என்று உச்ச விலை அறிவித்தார். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மைசூர்ப் பருப்பு இங்கே விளைவதில்லை, அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருவது. கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் அதைவிடக் கூடிய விலைக்கு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த சில்லறைக் கடைக்காரர் நட்டத்துக்கு விற்க வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குத் தண்டம் கட்ட வேண்டும். அவர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார்: மூட்டையை உள்ளறைக்கு இழுத்துப் போட்டார். தட்டு காலியானது. காலித் தட்டைப் பார்த்தவர் அடுத்த கடையில் கண்டதையெல்லாம் இரண்டு மடங்காக வாங்கினார். ஏப்ரல் முடிவில் அந்த உச்ச விலை நீக்கப்பட்டபோது நெரிசலின் உச்சம் எப்போதோ கடந்துபோயிருந்தது.

இதே நாடகம் 2021இல் பால்மாவுக்கு நடந்தது. ஒரு பக்கெற் பால்மா வேண்டுமென்றால் கூடவே வேறு சாமானும் வாங்கு என்று கடைகள் சொன்ன காலம் அது. அந்த ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலை நீங்கியதும் ஒரு கிலோ பால்மா 250 ரூபா கூடி 1,195 ரூபாவானது, தட்டுப்பாடும் முழுதாகத் தீரவில்லை. அதற்கு டொலர் இல்லாதது வேறு காரணம். அதைப் பொருளியல் இதழ்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நாம் பார்க்க வேண்டியது அந்த எட்டு மணித்தியாலத்தில் கடைக்கு வர முடியாதவர்களை. தெல்தோட்டை, கலஹா, மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளம் மாதத்தில் பத்தாம் திகதியை ஒட்டி, இடையில் ஒரு முற்பணம். மிச்ச நாட்களில் டவுன் கடையில் கொப்பி. நூறு கிராம் பருப்பு, கால் போத்தல் தேங்காய் எண்ணெய், இரண்டு கிலோ மா என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும், சம்பளத்தன்று பாதி இறங்கும். மார்ச் 23 என்பது சம்பளக் காசு கரைந்து முற்பணம் இன்னும் வராத நாள். மொத்த வியாபாரி அந்த வாரத்தில் கைக்காசு கேட்டார், ஆகவே சில்லறைக் கடையும் கொப்பியை மூடியது. அதோடு தோட்ட வேலைக்கு ஊரடங்கிலும் அனுமதி இருந்தது. கடை திறந்திருந்த அதே காலையில் கொழுந்துக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. மத்தியானம் மலையிறங்கிப் போய்ச் சேரும்போது கடைக்காரர் பலகை போட்டுக்கொண்டிருப்பார்.

அதிகமாக வாங்குவதற்குக் கையில் காசு வேண்டும், சாமான் வைக்க வீட்டில் இடம் வேண்டும். லயன் காம்பிராவில் இரண்டும் இல்லை. பதுக்காதீர்கள் என்ற நம் சுவரொட்டியை அங்கே கொண்டுபோய் ஒட்டியவர்கள் அதைச் சிங்களத்திலும் தமிழிலும் அழகாக அச்சிட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தட்டுப்பாடு என்றால் பட்டினி மட்டும் என்று நினைப்பது நம் தொழிலுக்குப் பொருந்தாது. பருப்பும் டின் மீனும் கிடைக்காத வாரத்தில் தட்டில் மிஞ்சுவது மாவும் சீனியும். நீரிழிவுக்காரருக்கு அது என்ன செய்யும் என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் மூலம் வீட்டுக்கே அனுப்பிய ஏற்பாடு அந்த நாட்களில் நடந்த நல்ல காரியம். மருந்துக்கு முகவரியும் பட்டியலும் இருந்தன, கொண்டுபோகத் தபால்காரர் இருந்தார். சோற்றுக்கு அப்படி ஒன்றை யோசிக்காமல் போனதற்கு, சோறு சுகாதாரத் திணைக்களத்தின் பொருள் அல்ல என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

அது பழைய எண்ணமும் அல்ல. 1934, 35 மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலையும் அதை ஒட்டிய ஊர்களும் அழிந்தபோது, ஏறத்தாழ 80,000 பேர் இறந்த அந்தப் பெருநோயில், குயினைனை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதைக் களத்தில் நின்றவர்கள் கண்டார்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்ரமசிங்கவும் சூரியமல் இயக்கத்தவரும் மருந்தோடு உணவையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

இனி அக்குறணை. 2020 மார்ச் 28இல் தொற்றாளர் ஒருவர் இனங்காணப்பட்டதும் அக்குறணை முடக்கப்பட்டது. கண்டி மாவட்டமும் அபாய வலயங்களில் ஒன்றாகி, ஊரடங்கு காலவரையின்றி நீண்டது. ஏப்ரல் 20ஆம் திகதி மாவட்டம் தளர்ந்தபோதும் அக்குறணைப் பக்கம் தளரவில்லை. இந்த ஊரின் இருப்பிடத்தை வரைபடத்தில் பாருங்கள். ஏ9 வீதி அதன் நடுவால் போகிறது. தம்புள்ளைப் பொருளாதார மையத்து மரக்கறி மாத்தளை வழியாகக் கண்டிக்கு வரும் பாதை அது. சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் பலசரக்குக் கொடுக்கும் வியாபாரப் பட்டினமும் அதுவே. நோயியல் படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்த இடம் உணவுப் படத்தில் ஒரு சந்தி. முடக்கும் உத்தரவு எழுதப்படும் மேசையில் இரண்டு படமும் விரிந்திருக்க வேண்டும். கண்டிக்கு வரும் வழிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: கடுகண்ணாவைக் கணவாய், கலகெதரப் பாதை, ஏ9, பதினெட்டு வளைவு, கம்பளைப் பக்கம். 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் மண் சரிந்து, மாத முடிவில் டித்வா புயலும் வந்து வீதிகளை மறித்தபோது, இந்த நகரத்தின் சோறு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதை மறுபடி பார்த்தோம். காரணம் கிருமியா மண்ணா என்பது காலித் தட்டுக்குத் தெரியாது.

கடல் தாண்டியும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 24இல் தமிழ்நாட்டு அரசு சென்னை, கோயம்புத்தூர், மதுரை நகரங்களுக்கு 26ஆம் திகதியிலிருந்து முழு முடக்கம் அறிவித்தது. இடையில் இருந்தது 25ஆம் திகதி ஒன்றே. அன்று சந்தைகளில் சனம் பொங்கியது. அடுத்த நாட்களில் கோயம்பேடு சந்தை இந்தியாவின் பெரிய தொற்றுக் கொத்தணிகளில் ஒன்றாக வெளிப்பட்டு, மே 5இல் மூடப்பட்டது. கோயம்பேட்டில் தொற்று எந்த நாளில் புகுந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் ஒரு பெரிய நகரத்தின் சாப்பாட்டை ஒரே வளாகத்துக்குள்ளும் ஒரே நாளுக்குள்ளும் அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

கூட்டத்தைக் குறைக்க நேரத்தைக் குறைப்பது கணக்கில் தலைகீழ். அதே ஆட்கள் பாதி நேரத்துக்குள் வந்தால் நெரிசல் இரட்டிப்பு. நேரத்தைக் கூட்டினால் வெளியே வருவோர் தொகையும் கூடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்குத்தான் முறை வைத்து அனுப்பும் வழி இருக்கிறது. அடையாள அட்டையின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் திங்கள், 3, 4 என்றால் செவ்வாய் என்ற ஏற்பாடு 2020 மே மாதம் அமுலுக்கு வந்தது. அதற்குப் புதிய தொழில்நுட்பமோ நிதியோ தேவைப்படவில்லை. மார்ச் 23க்கே அதை வைத்திருக்கலாம். 2022இல் எரிபொருள் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டபோதும், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டை பங்கைச் சொன்ன பிறகுதான் வரிசை கரையத் தொடங்கியது. கப்பல் வந்ததும் விலை கூடியதும் அதில் சேர்த்தி என்றாலும், நாளைக்கும் எனக்கு உண்டு என்ற நிச்சயம் செய்த வேலை பெரிது.

அந்த நிச்சயம் இல்லாத இடத்தில் சனம் எதை வாங்கும் என்று சொல்ல முடியாது. கொத்தமல்லி, இஞ்சி, மஞ்சள் மூன்றும் அந்த மார்ச்சில் கடைகளில் பறந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர, பின்னர் மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறி, மன்னார்க் கடல் வழியாகக் கடத்தும் சரக்கானது. 2020 டிசம்பர் 8இல் கேகாலை ஹெட்டிமுல்லயில் கொவிட்டைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட, தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகக் குடித்திருந்தார், அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உறுதியானது. மறுபக்கம், பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணிக்குப் பிறகு மீன் வாங்க ஆளில்லாமல் போய், முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட நேர்ந்தது. முண்டியடித்து வாங்குவதும் வாங்காமல் ஒதுங்குவதும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. நம்பத்தக்க செய்தி நேரத்துக்கு வராத இடத்தில் சனம் பக்கத்து வீட்டைப் பார்த்து நடக்கிறது.

இது பிரதேச செயலகத்தின் வேலை, கிராம உத்தியோகத்தரின் வேலை என்று சொல்வார்கள். சாமான் கொண்டுவருவது அவர்கள் வேலைதான். ஆனால் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டுவது நமது ஆள். ஒட்டிய பசை காயுமுன் உள்ளேயிருந்து வரும் முதல் கேள்வி, “ஐயா, பிள்ளைக்குப் பால்மா?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கு விடை இல்லாதவர் 14 நாள் வீட்டுக்குள் இருக்கச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்புக் குறைகிறது. பின்னர் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவு வழங்கும் ஏற்பாடு வந்தபோது மறைந்து வெளியே போகும் தேவை குறைந்தது, வாசலில் பேச்சும் சுமுகமானது.

வேண்டிய தகவலில் பெரும்பகுதி நம் அலுவலகங்களிலேயே இருக்கிறது. எந்த வீட்டில் கைக்குழந்தை, எங்கே கர்ப்பிணி என்பது குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில். யாருக்கு இன்சுலின் என்பது கிளினிக் கொப்பியில். எந்தக் கடை என்ன விற்கிறது, எத்தனை பேர் நிற்க இடம் உண்டு என்பது உணவு நிறுவனங்களைப் பார்வையிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மனப்பாடம். இவற்றை ஒன்றாக்கி, பிரிவு வாரியாக ஒரு தாளில் வைத்திருக்க ஒரு வாரம் போதும். அதன் பிறகு மாவட்டச் செயலாளர் கூட்டத்தில் ஊரடங்கு நேரம் பேசப்படும்போது சுகாதார வைத்திய அதிகாரி வாய் திறக்கலாம்: எட்டு மணித்தியாலம் போதாது, இந்த இலக்கம் இந்த நாளில் வரட்டும், அடுத்த திறப்பு எப்போது என்பதை இன்றைக்கே அறிவியுங்கள், நடமாடும் லொறி முதலில் மேட்டு லயன்களுக்குப் போகட்டும்.

தீராத ஒன்று தோட்டங்களின் பேர்க் கணக்கு. திறப்பு நாளன்று பாதி வேலைக்கு முழுப் பேர் போட நிர்வாகம் சம்மதிக்காத வரை, என்ன நேர அட்டவணை போட்டாலும் கலஹா மலையில் இருப்பவர் கடைக்கு வரமாட்டார். தோட்ட வைத்திய உதவியாளர் அதைத் துரையிடம் தனியாகக் கேட்க முடியாது, அவர் சம்பளம் வாங்குவதும் அதே நிர்வாகத்திடம். கோரிக்கை மாவட்ட மட்டத்திலிருந்து, பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு எழுத்தில் போக வேண்டும். அடுத்த நெருக்கடிக்கு முன்னர், கொழுந்து நன்றாக வரும் ஒரு சாதாரண மாதத்தில் அதை அனுப்பினால் பதில் வருவதற்குக் கொஞ்சம் இடமுண்டு.