எக்ஸ்ட்ரே என்னும் ப்ரமோஷன்

'பக்கரா ரூஜ் வாங்கலாம்னு இருக்கேன். ஓ த பர்ஃப்யூமா, எக்ஸ்ட்ரேயா?' கடந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். மூவருமே என்னைப் போல மென்பொருள் ஆட்கள். மூவருமே கேட்கும்போதே முடிவுசெய்திருந்தார்கள்: எக்ஸ்ட்ரேதான். ஏன் என்று கேட்டால், 'அதுதானே ப்ரோ டாப் வேரியன்ட்?' கார் வாங்குகிற கணக்கு. எக்ஸ்ட்ரேயின் விலை கூடுதல் என்பதே அது மேலானது என்பதற்கு அவர்களுக்குப் போதுமான சாட்சி.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு ஏணி கிடையாது. ட்வாலெட், அதற்கு மேல் பர்ஃப்யூம், அதற்கு மேல் எக்ஸ்ட்ரே என்று ட்ரெய்னி, சீனியர், லீட் மாதிரி வரிசைப்படுத்தி விற்பது வியாபாரிகளின் சாமர்த்தியம். அதை நம்பி, இளைஞர்கள் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன? வாசனை எண்ணெய்களின் கலவை, எத்தில் ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர். எண்ணெய் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஓ த ட்வாலெட், 15 முதல் 20 வரை ஓ த பர்ஃப்யூம், அதற்கு மேலே போனால் எக்ஸ்ட்ரே என்பார்கள். இது வழக்கு, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகள் ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை லேபிளில் போடச் சொல்கின்றன. 'எக்ஸ்ட்ரே' என்று எழுத இத்தனை சதவீதம் எண்ணெய் வேண்டும் என்று அவை எங்கும் சொல்லவில்லை. அதனால்தான் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே விற்கிற உள்ளூர் பாட்டில்களிலும் அந்தச் சொல் தங்க எழுத்தில் மின்னுகிறது. பெரும்பாலான பாட்டில்களில் சதவீதம் அச்சிடப்படுவதே இல்லை. நம்ம ஊர் பால் பாக்கெட்டில்கூட கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறான்.

சரி, எக்ஸ்ட்ரேயில் நிஜமாகவே எண்ணெய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே எனக்குள் இருக்கிற எஞ்சினியர் கொஞ்சம் பேசட்டும். சென்ட் பாட்டிலை ஒரு தடவை அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லி வெளியே வருகிறது. தோலில் பட்ட சில நிமிடங்களில் ஆல்கஹால் ஓடிப்போய்விடும். மிச்சமிருப்பது எண்ணெய் மட்டும். அந்த எண்ணெய்க்குத் தான் எந்தப் பாட்டிலில் இருந்து வந்தோம் என்ற நினைவெல்லாம் கிடையாது. ஒரே கலவை என்றால், 15 சதவீதத்தில் ஐந்து தடவை அடித்தாலும் 25 சதவீதத்தில் மூன்று தடவை அடித்தாலும் தோலில் தங்குவது ஒரே அளவு. ஐந்து பெருக்கல் பதினைந்து எழுபத்தைந்து, மூன்று பெருக்கல் இருபத்தைந்தும் எழுபத்தைந்து. ஆல்கஹால் ஆவியாகிற வேகத்தில் மேல் வாசனைகள் கொஞ்சம் கூடக்குறையத் தூக்கலாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 'எட்டு மணி நேரம் நிற்குமா, பன்னிரண்டு மணி நேரம் நிற்குமா' என்ற சண்டைக்கு அந்த முதல் பத்து நிமிடத்தால் ஒரு பயனும் இல்லை.

சரி, எக்ஸ்ட்ரேயையும் அதே ஐந்து தடவை அடித்தால்? அப்போதும் கிடைக்கிற லாபம் நினைக்கிற அளவு இல்லை. ஒரு எளிய மாதிரி: தோலில் இருக்கும் எண்ணெய் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொள்வோம். அளவை இரட்டிப்பாக்கினால் நேரம் இரட்டிப்பாகாது. கூடுதலாக இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கும். 15 சதவீதத்திலிருந்து 25க்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பைனரி செர்ச் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டியலை இரு மடங்காக்கினால் தேடலில் ஒரே ஒரு படிதான் கூடும். கல்லூரியில் லாக் டேபிளைத் திட்டித் தீர்த்த கூட்டம் நாம். அதே லாக் நம் பர்ஸைக் காப்பாற்ற வரும்போதாவது அதற்கு மரியாதை கொடுக்கலாம். மூக்கும் இதே கட்சிதான். வாசனையின் அளவு இரண்டு மடங்கானால் மூக்கு அதை இரண்டு மடங்காக உணர்வதில்லை.

ஆனால் 'ஒரே கலவை என்றால்' என்று நான் போட்ட நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலும் ஒரே கலவை இல்லை.

பக்கரா ரூஜ் 540-ஐயே எடுத்துக்கொள்வோம். 1764-ல் தொடங்கிய பக்கரா என்ற ஃப்ரெஞ்சுக் கண்ணாடி நிறுவனத்தின் 250-ஆவது ஆண்டுக்காக ஃப்ரான்சிஸ் குர்க்ஜியான் 2014-ல் ஒரு வாசனையைச் செய்தார். வெறும் 250 படிகக் குப்பிகள். அடுத்த வருடம் அது அவருடைய சொந்த நிறுவனத்தின் பெயரில் ஓ த பர்ஃப்யூமாகக் கடைக்கு வந்தது. குங்குமப்பூ, மரம், எரிந்த சர்க்கரையின் வாடை, காற்றில் பஞ்சு மிட்டாய் கரைந்தது போன்ற ஒரு வெளிச்சம். 2017-ல் எக்ஸ்ட்ரே வந்தது. அதில் கசப்பு பாதாம் சேர்ந்தது, கஸ்தூரி கூடியது. முதலாவது பறக்கிறது, இரண்டாவது தோலோடு கனமாகப் படிகிறது. கோட் எழுதுகிறவர்களுக்குச் சொல்வதென்றால் இது அப்கிரேட் அல்ல, ஃபோர்க். ஒரே ரெப்போவிலிருந்து பிரிந்துபோன இரண்டு கிளைகள். எர்னஸ்ட் போ 1921-ல் செய்த ஷனெல் நம்பர் 5-க்கு ஓ த பர்ஃப்யூம் வடிவத்தை 1986-ல் செய்தவர் ஜாக் போல்ஷ். அறுபத்தைந்து வருட இடைவெளி, வேறு ஆள், வேறு கை. அதை 'கொஞ்சம் தண்ணி ஊத்தின நம்பர் 5' என்று எப்படிச் சொல்ல முடியும்?

வாசனை நிபுணர் நினைத்தாலும் சதவீதத்தை மட்டும் குமிழைத் திருகுவது போல ஏற்றிவிட முடியாது. சர்வதேச வாசனைத் திரவியச் சங்கமான இஃப்ரா, ஒவ்வாமை போன்ற காரணங்களுக்காகப் பல மூலப்பொருட்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு முழுமையான பாட்டிலுக்கு. எண்ணெயின் பங்கை ஏற்றினால், ஏற்கெனவே வரம்பை ஒட்டி நிற்கும் பொருளைக் கலவைக்குள் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தால் வாசனையின் முகம் மாறும்.

இன்னொரு உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற மூலக்கூறு உண்டு. சிறிதளவில் அது பூ. அடர்த்தியாக்கி முகர்ந்தால் மலம், பாச்சை உருண்டை. நம்மூர் குண்டுமல்லியிலிருந்து பிரித்த சாறு கப்பலேறி ஃப்ரெஞ்சு நிறுவனங்களுக்குப் போகிறது. அதை வாங்குகிறவர்கள் கவலைப்படுவது எவ்வளவு அதிகம் போடலாம் என்று அல்ல, எங்கே நிறுத்துவது என்றுதான்.

'ஆனா எனக்கு ரெண்டு மணி நேரத்துல வாசனையே வரலையே' என்பார்கள். வராதுதான். தொடர்ந்து வரும் ஒரே வாசனையை மூளை அணைத்துவிடுகிறது. ஃபில்டர் காபி போட்ட சமையலறைக்குள் நிற்பவருக்கு மணம் தெரியாது, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவருக்குத் தெரியும். இது போதாதென்று, கஸ்தூரி வகையைச் சேர்ந்த சில பெரிய மூலக்கூறுகளைக் கணிசமான பேரால் முகரவே முடியாது. பிறவி வாகு. இப்படிப்பட்டவர் 'நிக்கவே இல்ல மச்சி' என்று சொல்லிக்கொண்டு இன்னும் கனமான வடிவத்தை வாங்கி இன்னும் நான்கு தடவை அடிக்கிறார். கஷ்டம் லிஃப்ட்டில் கூட வரும் ஏழு பேருக்கு. பழுது சென்சாரில், இவர் டேட்டாவை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு கணக்கு சொன்னாலும் இந்த வெறி அடங்காது என்று எனக்குத் தெரியும். அதன் வேர் கணக்கில் இல்லை. யூட்யூபில் சென்ட் விமர்சகர்கள் 'பீஸ்ட் மோட்' என்கிறார்கள். அறைக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை நுழைய வேண்டுமாம். யாருக்கு அப்படி ஒரு தேவை இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தன் உடம்பைத் தானே நம்பாதவருக்குத்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருநாள் ஹெச்.ஆரிடமிருந்து எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. தலைப்பு: தனிநபர் சுகாதாரம். யார் பெயரும் இல்லை. ஆனால் தளத்தில் இருந்த அறுபது பேரும் அதைப் படித்துவிட்டு இரண்டு பேரைப் பார்த்தார்கள். இரண்டு பேருந்து மாறி, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து வருகிற இரண்டு பையன்கள். காரில் வருகிறவனுக்கு வியர்க்காததை நாம் ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊரில் வியர்வையை வைத்து வேலையை, தெருவை, சாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிற மூக்குகள் நிறைய. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். அந்தச் சொல்லை இன்று வெறும் வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பையன்களில் ஒருவன் அடுத்த வாரத்திலிருந்து தலைவலி வருகிற அளவுக்கு சென்ட் அடித்துக்கொண்டு வந்தான். அதற்கும் சிரித்தார்கள்.

அவனிடம் போய் லாக் டேபிள் பற்றிப் பேச மாட்டேன். என் கோபம் அவன்மேல் இல்லை. அவனுடைய பயத்தைச் சதவீதமாக மாற்றி, 'இன்னும் கொஞ்சம் கொடு, இன்னும் பாதுகாப்பாக இருப்பாய்' என்று விற்கிறார்களே, அவர்கள்மேல்தான். அதோடு, தனக்கு அந்தப் பயம் எதுவும் இல்லாமலே ரசனையின் பெயரால் அந்த ஏணியைப் பரப்புகிற நம் நண்பர்கள்மேலும். திருவல்லிக்கேணியில் அத்தர் விற்கிறவரைப் போய்ப் பாருங்கள். அத்தரில் ஆல்கஹாலே கிடையாது. இவர்கள் கணக்குப்படி அது எக்ஸ்ட்ரேவுக்கெல்லாம் தாத்தா. அவர் குச்சியால் தொட்டுப் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். பெரும்பாலும் அது பக்கத்தில் வந்து நிற்பவருக்கு மட்டும் கேட்கும்.

எக்ஸ்ட்ரேயே வாங்காதே என்கிறீர்களா என்றால், இல்லை. அந்தக் கசப்பு பாதாம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். பிடித்ததற்காக வாங்குங்கள், 'மேலே' இருப்பதற்காக வேண்டாம். முழு பாட்டிலுக்கு முன்னால் இரண்டிலும் 2 மில்லி டிகேன்ட் வாங்குங்கள். காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள், காகிதத்துக்கு வியர்க்காது. ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றது, ஒவ்வொரு தடவை. ஏ.சி. அறையில் ஒருநாள், மின்சார ரயிலில் ஒருநாள். ஆறு மணி நேரம் கழித்து, எது எந்தக் கை என்று சொல்லாமல், வீட்டில் யாரிடமாவது நீட்டுங்கள். அம்மாவிடம் நீட்டினால் இரண்டுமே ஊதுபத்தி மாதிரி இருக்கிறது என்பார். அந்தக் கருத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.