எந்தக் கதவு திறந்திருக்கு?



வாசகி ஒருவரின் கடிதம் மேஜை மேல் இருக்கிறது. பிள்ளை இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷமாம். "கம்ப்யூட்டரில் கோடி கோடியாச் சம்பாதிச்சவனெல்லாம் காலேஜைப் பாதியில விட்டவன்தாம்மா, நானும் நின்னுடறேன்" என்று தினமும் வீட்டில் ரகளை. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது, வழக்கம்போல, அம்மா.

பிள்ளை சொல்வது முழுப் பொய் இல்லை. அதனால் "படி, படி" என்று சொல்லி அவன் வாயை அடைக்க முடியாது. படிப்பைப் பாதியில் விட்ட ஒருவருடைய கதையையே சொல்கிறேன், பொறுமையாய்க் கேளுங்கள்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் ஜார்ஜியா டெக் என்று பெயர் பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஒன்று இருக்கிறது. 1990-களின் ஆரம்பத்தில் அங்கே படித்த பையன் கிறிஸ்டபர் கிளவுஸ். இன்டர்நெட் அப்போது வீடுகளுக்கு வரவில்லை. பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், சில பெரிய கம்பெனிகள், அவ்வளவுதான்.

ராத்திரி படுக்கப் போகுமுன் நாம் என்ன செய்கிறோம்? வாசல் தாழ்ப்பாள், கொல்லைக் கதவு, மாடிக் கதவு, காஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்கிறோம். பார்த்துவிட்டுப் படுத்த பிறகும் சந்தேகம் வந்து இன்னொரு நடை எழுந்து போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! கம்ப்யூட்டருக்கும் அந்த மாதிரிக் கதவுகள் உண்டு. தபால் வந்து போக ஒன்று, கோப்புகளைப் பங்கிட ஒன்று, வெளியாள் உள்ளே வந்து வேலை செய்ய ஒன்று. 1992 வாக்கில் கிளவுஸ் எழுதிய புரோகிராம் வெளியே நின்று இந்தக் கதவுகளை வரிசையாய்த் தட்டிப் பார்க்கும். விருந்தாளி என்ற பெயரில் பாஸ்வேர்டே இல்லாத கணக்கு இருக்கிறதா, தபால் புரோகிராமில் பழைய ஓட்டை அடைபடாமல் கிடக்கிறதா, கோப்பு அலமாரி ஊருக்கே திறந்திருக்கிறதா என்று பார்த்துப் பட்டியல் கொடுத்துவிடும். ஒரு மெஷினை மட்டுமல்ல, ஒரு தெரு முழுக்கப் பார்ப்பதுபோல் வரிசையாய்ப் பல மெஷின்களைப் பார்க்கும். அதை இலவசமாகவே வெளியே விட்டார்.

இங்கேதான் வம்பு. தாழ்ப்பாள் போடாத வீட்டைக் கண்டுபிடிக்கும் வித்தை வீட்டுக்காரிக்கும் உதவும், திருடனுக்கும் உதவும் இல்லையா? 1988-ல் ஒரு மாணவன் விட்ட 'புழு' புரோகிராம் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிப் போட்டது. அதற்குப் பிறகு, இனி யாராவது எச்சரிக்கை கொடுக்கவேண்டும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அமைப்பை ஏற்படுத்தியிருந்தார்கள். அந்த அமைப்பு 1993 செப்டம்பரில் கிளவுஸின் புரோகிராமைப் பற்றியே ஓர் அறிவிக்கை வெளியிட்டது. இப்படி ஒரு கருவி ஊரில் உலாவுகிறது, அது தேடும் ஓட்டைகள் இன்னின்ன, உங்கள் மெஷினில் இருந்தால் அடைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

அவர் செய்தது சரியா? கொல்லைக் கதவு ஆடுகிறது என்று பால்காரர் சொன்னால் அவரைக் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் தெருமுனையில் நின்று கத்திச் சொன்னால்? எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்று இந்தத் துறையில் ஒழுங்காய் வேலை செய்கிறவர்கள் முதலில் உரியவரிடம் ரகசியமாய்ச் சொல்லி, சரிசெய்ய நாள் கொடுத்து, பிறகுதான் வெளியே சொல்கிறார்கள். அதே சமயம், திருடனுக்குத் தெரிந்த ஓட்டை வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியாமல் இருப்பதில் என்ன லாபம்? அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

(சமையலறையை விட்டு எழுந்து போய் உங்கள் வீட்டு வைஃபை பெட்டியைப் பாருங்களேன். அதை மாற்றி அமைக்கும் பக்கத்துக்குள் போகிற பாஸ்வேர்டு, கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். முப்பது வருஷத்துக்கு முன் கிளவுஸ் தேடியதும் இந்த மாதிரிக் கதவைத்தான். ஓ.டி.பி. சொல்லி ஏமாந்து பணம் போய்விட்டால், "அவர் திட்டுவாரே" என்று மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்கு லாபம்.)

1994-ல் கிளவுஸ் காலேஜை விட்டு 'இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார். சகோதரி, உங்கள் பிள்ளைக்குச் சொல்லவேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் வெறுங்கையோடு வெளியே வரவில்லை. ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்த, எச்சரிக்கை வெளியிடும் அளவுக்குப் பேர் வாங்கிய ஒரு பொருள் ஏற்கெனவே கையில் இருந்தது. "கண்ணா, நீ பண்ணினது எங்கே? யாரெல்லாம் உபயோகிக்கறா?" என்று சாதாரணமாய்க் கேளுங்கள். காட்டினான் என்றால் உட்கார்ந்து பேசலாம். காட்டாவிட்டால் அடுத்த செமஸ்டர் ஃபீஸைக் கட்டுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த வருஷமே, தன்னைவிட மூத்தவரான, வியாபாரம் தெரிந்த டாம் நூனன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு தலைமை நாற்காலியை அவரிடம் கொடுத்துவிட்டார். தான் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வயசில் தனக்கு எது வராது என்று தெரிந்திருப்பது லேசான காரியமா! சாம்பார் நன்றாய் வைக்கிறவளுக்குக் கல்யாணச் சமையலையே நடத்த வரும் என்று சொல்ல முடியுமா? நூனனும் அதே ஜார்ஜியா டெக்கில் பட்டம் வாங்கியவர் என்பதைப் பிள்ளை காதில் போட்டு வையுங்கள்.

1998-ல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 2006-ல் ஐ.பி.எம். அதைச் சுமார் 130 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நடுவில், 2004-ல், கனேவா என்று ஒரு கற்பனை உலக விளையாட்டுக் கம்பெனியும் தொடங்கினார். அது முதல் கம்பெனி அளவுக்கு எழும்பவில்லை.

பணம் வந்த பிறகு மனிதர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முப்பது வயசு முடியுமுன்பே, தான் பாதியில் விட்டு வந்த அதே ஜார்ஜியா டெக்குக்கு 1.5 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். நம் கணக்கில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். 2006-ல் திறந்த அந்தக் கம்ப்யூட்டர் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். டியூப் லைட்டில் வெளிச்சமே வராதபடி 'உபயம்' எழுதுகிற ஊர்க்காரர்கள் நாம், பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இடத்தில் ஏறக்குறைய பாதியை மரமும் புல்லுமாய் விட்டுவிட்டு, மழைத் தண்ணீரைச் சேர்த்துச் செடிகளுக்குப் பாய்ச்சுகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள் என்று படித்ததும் பெயரை மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு புதிதாய்த் தொழில் தொடங்கும் இளசுகளுக்கு முதல் பணம் போடுவதும், கூடவே இருந்து வழி சொல்வதும் அவர் வேலையாகிவிட்டது. ஜார்ஜியா டெக்கில் 2014-ல் 'கிரியேட்-எக்ஸ்' என்று ஒரு திட்டம் ஆரம்பமானது. மாணவர்கள் படித்துக்கொண்டே, கோடை விடுமுறையின் 12 வாரத்தில் சொந்தத் தொழிலை முயன்று பார்க்கலாம். அதற்கு வழிகாட்டிப் பணமும் போட்டவர்களில் கிளவுஸ் ஒருவர். திட்டத்தை உருவாக்கி நடத்தியவர் பேராசிரியர் ரகுபதி சிவகுமார், நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர்! தொழில் ஆசை வந்த பிள்ளை காலேஜை விட்டு ஓடவேண்டியதில்லை, ஒரு கோடை விடுமுறை போதும்.

2025 மே மாதம் ஜார்ஜியா டெக் பட்டமளிப்பு விழாவில் பேச வந்த கிளவுஸ் ஒரு அறிவிப்புச் செய்தார். அந்த வருஷம் பட்டம் வாங்குகிறவர்களில் யார் சொந்தக் கம்பெனி தொடங்க விரும்பினாலும், அதைச் சட்டப்படி பதிவு செய்யும் செலவு தன்னுடையது என்றார். பட்டம் வாங்குகிறவர்களுக்கு என்றுதான் சொன்னார். பாதியில் நின்றவர்களுக்கு என்று சொல்லவில்லை.