ரிசீவர் வந்தப்புறம் அப்பீல்: கையில என்ன மிச்சம் இருக்கு?

"டிமாண்ட் நோட்டீஸ் வந்தா பயப்படாதீங்க, அப்பீல் போகலாம்"னு நம்ம வீடியோக்கள்ல பல தடவை சொல்லியிருக்கேன். அது பாதி உண்மைதான். எந்த உத்தரவு மேல, எத்தனை நாளுக்குள்ள, யார்கிட்ட போகலாம்கிறது நீங்க எந்தக் கட்டத்துல இருக்கீங்கங்கிறதைப் பொறுத்து மாறும். மீதிப் பாதியை இன்னைக்குப் பார்த்துடுவோம்.

"எனக்கு டிடிஎஸ் பிடிச்சுட்டுத்தானே சம்பளமே தர்றாங்க, எனக்கு எதுக்கு இது?"ன்னு கேட்பீங்க. உங்களுக்குத் தேவைப்படாம போகலாம், ஊர்ல இருக்கிற அப்பாவுக்குத் தேவைப்படலாம். ஒரு உதாரணம் வச்சுக்குவோம். அப்பாவுக்குத் திருப்பூர்ல சின்னதா ஒரு பனியன் யூனிட், மெயின் ரோட்டுல வாடகைக்கு விட்ட ஒரு கட்டடம். பழைய வருஷக் கணக்குல 14 லட்சம் வரி பாக்கின்னு உத்தரவு. மெயில் எல்லாம் ஆடிட்டரோட பழைய ஐடிக்குப் போயிடுச்சு. நீங்க பெங்களூருல வேலையில இருக்கீங்க. ஒருநாள் வாடகைக்காரர் போன் பண்ணி, "தம்பி, இனிமே வாடகையை வேற ஒருத்தர்கிட்ட கொடுக்கச் சொல்றாங்க"ங்கிறார்.

அந்த 'வேற ஒருத்தர்'தான் ரிசீவர்.

வரி பாக்கியை வசூலிக்கிற வேலை டாக்ஸ் ரெக்கவரி ஆபீஸரோடது. (கலெக்டர் ஆபீஸ் டி.ஆர்.ஓ. வேற, குழப்பிக்காதீங்க.) 1961 வருமான வரிச் சட்டத்தின் 222-வது பிரிவு இவருக்கு நாலு வழி கொடுக்குது: அசையும் சொத்தை ஜப்தி பண்ணி விற்கலாம், அசையாச் சொத்தை ஜப்தி பண்ணி விற்கலாம், ஆளைக் கைது பண்ணிச் சிறையில வைக்கலாம், சொத்தை நிர்வகிக்க ரிசீவர் வைக்கலாம். நடக்கிற தொழிலுக்கும் ரிசீவர் வரலாம், கட்டடத்தை விற்கிறதுக்குப் பதிலாவும் வரலாம். வாடகை, லாபம் எல்லாம் அவர் கைக்குப் போகும். பாக்கி தீர்ந்தா நிர்வாகம் திரும்ப வரும்.

இந்த இடத்துல போய், "சார், அந்த 14 லட்சமே தப்பு சார்"னு சொன்னா எடுபடாது. அவர் கையில இருக்கிற சர்டிபிகேட் சரியா தப்பான்னு அவர்கிட்ட எந்தக் காரணம் சொல்லியும் வாதாட முடியாதுன்னு 224-வது பிரிவு சொல்லுது. தொகையைப் பத்திச் சண்டை போட வேண்டிய இடம் வேற. டிமாண்ட் நோட்டீஸ் கைக்கு வந்த நாள்லருந்து 30 நாளுக்குள்ள கமிஷனர் (அப்பீல்ஸ்) கிட்ட போயிருக்கணும். ஃபீஸ் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான்! அதுக்கும் வழியில்லாம போகல. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தா, 30 நாள் தாண்டியும் அப்பீலை ஏத்துக்க அவருக்கு அதிகாரம் இருக்கு. ஜெயிச்சு டிமாண்ட் குறைஞ்சா சர்டிபிகேட் தொகையும் குறையும். ஆனா அப்பீல் போட்டதாலேயே வசூல் நிக்காது, ஸ்டே தனியா கேட்கணும். 2017 ஜூலையில வந்த நேரடி வரிகள் வாரியத்தின் உத்தரவுப்படி, பொதுவா 20% கட்டினாத்தான் மீதிக்கு ஸ்டே.

சரி, ரிசீவரை வச்ச உத்தரவு மேலயே அப்பீல் போகலாமா? போகலாம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, 86-வது விதி. உத்தரவு தேதியிலிருந்து 30 நாள். யார்கிட்ட? அதே துறையின் கமிஷனர் அல்லது சீஃப் கமிஷனர்கிட்ட. அவர் சொன்னாத்தான் வசூல் நிக்கும், இல்லேன்னா நிக்காது.

இன்னொரு சிக்கல். அந்தக் கட்டடத்துல பாதி அம்மா பேர்ல இருக்குன்னா, அம்மா 11-வது விதிப்படி தன் பங்கைக் கேட்டு மனு போடலாம். அதை ரெக்கவரி ஆபீஸர் தள்ளுபடி பண்ணிட்டா 86-வது விதி உதவாது. சிவில் கோர்ட்டுலதான் வழக்குப் போடணும். ஒரே கட்டடம், அப்பாவுக்கு ஒரு கதவு, அம்மாவுக்கு வேற கதவு. (நோட்டீஸ் வந்தப்புறம் அவசர அவசரமா அம்மா பேருக்கு எழுதி வைக்கலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. அனுமதி இல்லாம பண்ண முடியாது.)

எனக்கு இதுல உடன்பாடில்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. சாதாரண சிவில் வழக்குல ரிசீவரை வைக்கிறது நீதிபதி. அந்த உத்தரவு மேல அப்பீல் போக உரிமையியல் நடைமுறைச் சட்டத்துலயே தனியா இடம் இருக்கு. அமெரிக்காவுல வங்கிக் கணக்கை ஜப்தி பண்ண ஐஆர்எஸ்ஸுக்கு கோர்ட் தேவையில்ல. ஆனா வரி பாக்கிக்கு ரிசீவர் வேணும்னா அரசு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகணும். நீதிபதி ரிசீவரை வச்சா, முழு வழக்கும் முடியிற வரைக்கும் காத்திருக்காம உடனே மேல்கோர்ட்டுக்குப் போகலாம். அங்கேயும் ஓட்டை உண்டு. ரிசீவர் வந்தப்புறம் 'இதை வித்துடு'ங்கிற மாதிரி நடுவுல வர்ற உத்தரவுகளுக்கு வழக்கமா அந்த உடனடி அப்பீல் கிடையாது. இருந்தாலும் முதல் கதவு துறைக்கு வெளியில இருக்கு பாருங்க. நமக்கு அந்தக் கதவு அதே ஆபீஸோட மாடிப்படியில இருக்கு. ஹைகோர்ட்டுல ரிட் போடலாம், உண்மைதான். ஆனா வாடகை வருமானத்தை இழந்து நிக்கிற ஒருத்தரை வக்கீல் ஃபீஸ் கட்டி அங்க போகச் சொல்றது எவ்வளவு தூரம் நியாயம்?

"கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும், அதுக்குள்ள சொத்தை வித்துட்டு ஓடிடுவாங்க"ங்கிறது துறைப் பக்கத்து நியாயம். ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் ஜப்தி இருக்கே, அது உடனே நடக்கட்டும். ரிசீவரை வைக்கிற உத்தரவுக்கு மட்டும் வருமான வரித் தீர்ப்பாயத்துல அப்பீல் கொடுங்கன்னுதான் கேட்கிறேன்.

நான் சொன்ன எண்கள் எல்லாம் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025 சட்டத்துல பிரிவு எண்கள் வேற, ஆடிட்டர்கிட்ட பேசும்போது அதைக் கேட்டுக்குங்க.

அப்பாவோட லாகின் வாங்கி, போர்ட்டல்ல 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' கீழ 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்'னு இருக்கும், திறந்து பாருங்க. அப்படியே ப்ரொஃபைல்ல இருக்கிற மெயிலும் மொபைல் நம்பரும் யாரோடதுன்னு பாருங்க. பழைய ஆடிட்டரோடதா இருந்தா இன்னைக்கே மாத்திடுங்க.