புல் முதலில் மாட்டுக்கு

வாகனங்களுக்கும் வீட்டு அடுப்புக்கும் நகர நிறுவனங்கள் விற்கும் எரிவாயுவில், சாணம், புல், கழிவு ஆகியவற்றிலிருந்து எடுத்த எரிவாயுவைக் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்துள்ளது. 2025-26இல் நூற்றுக்கு ஒரு பங்கு. 2028-29இல் ஐந்து பங்கு. ஆலைகள் பெருகினால் நேப்பியர் புல்லுக்குக் கிராக்கி ஏற்படும். கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை விவசாயிகளையும் ஒருநாள் வியாபாரிகள் தேடி வரலாம். அதற்குமுன் கணக்குப் பார்ப்பது நல்லது.

கறவை மாடு வளர்ப்போருக்கு இந்தப் புல் புதிதல்ல. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ-4 ரகம், கரணை நட்டு எண்பது நாளுக்குள் முதல் அறுப்புக்கு வரும். பின்னர் 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 400 டன் வரை கிடைக்கும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. ஆனால் பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஐந்து லாரி புல் போனால் நான்கு லாரி தண்ணீர் போனதாகவே அர்த்தம்.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்குக் கிடைக்க வேண்டிய 7.25 டி.எம்.சி. நீரை நம்பியே இங்கு விவசாயம் நடக்கிறது. அருகிலுள்ள பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காக மக்கள் போராடியதும், 2004இல் குளிர்பான ஆலை மூடப்பட்டதும் மறக்கக்கூடியவை அல்ல.

புல் ஆலைக்குப் போனால் அதன் விலை ஏறும். சொந்த நிலமின்றி, ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் ஏழைகளே முதலில் அடிபடுவர்.

வேறு வழி இருக்கிறது. புல்லை மாடு தின்னட்டும். சாணம் எரிவாயு ஆகட்டும். 25 கிலோ சாணத்தில் ஏறத்தாழ ஒரு கனமீட்டர் எரிவாயு கிடைக்கும். மிஞ்சும் கரைசல் வயலுக்கு உரம். குஜராத்தில் பனாஸ் பால் கூட்டுறவு, விவசாயிகளிடம் சாணத்தை விலைக்கு வாங்கி வாகன எரிவாயு தயாரிக்கிறது. சித்தூர் வட்டாரப் பால் சங்கங்களும் இதைச் செய்ய முடியாதா?

புல் பயிரிட விரும்புவோரைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் விலை, காலம், அறுப்புக் கூலி, லாரி வாடகை யாவும் எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். அரசோடு தமிழில் எழுதித் தொடர்பு கொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டுச் சட்டமே கேரளத் தமிழருக்கு வழங்கியுள்ளது. புரியாத பத்திரத்தில் கையெழுத்திடும் நிலை எவருக்கும் வரக்கூடாது. பஞ்சாயத்துகளும் விவசாய இலாகாவும் இப்போதே கவனிக்க வேண்டும்.