கட்டிலருகே கற்கும் கல்வி

 

நம் குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குடியேறிவிட்டார்கள். நம் பேரன் பேத்திகள் அங்கேயே பிறந்து வளர்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நான் சாப்லின் ஆவதற்குப் படிக்கப் போகிறேன். வகுப்புகள் இணையம் வழியாகவே நடக்கும், வீட்டில் இருந்தபடியே படிக்கலாம்" என்று சொன்னால் நாம் என்ன விடை கூறுவோம்? 'மருத்துவமும் பொறியியலும் இருக்க இது என்ன படிப்பு?' என்று கேட்கத் தோன்றும். அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஆறுதல் சொல்லும் பணியைத் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா? இம்மாதம் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

மருத்துவமனை, சிறைச்சாலை, இராணுவம், பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் துன்பத்திலும் தனிமையிலும் தவிப்பவர்களுக்கு, அவரவர் நம்பிக்கையின் வழியில் துணை நிற்பதற்கென்று நியமிக்கப்படும் பணியாளரே சாப்லின். இப்பெயர் கிறித்தவ மரபில் தோன்றியது. எனினும் இன்று பல சமயத்தவரும் இப்பணியில் இருக்கிறார்கள். அமெரிக்க இராணுவம் தன் முதல் முஸ்லிம் சாப்லினாக அப்துர் ரஷீத் முஹம்மத் அவர்களை 1993ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் முஸ்லிம் சாப்லின்கள் ஊதியத்துடன் பணியாற்றுகிறார்கள்.

நம் ஊரில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் அடுத்த நாளே மருத்துவமனைத் தாழ்வாரம் உறவினர்களால் நிறைந்துவிடும். கஞ்சி கொண்டு வருபவர் ஒருவர், யாஸீன் ஓதுபவர் ஒருவர், இரவில் கண்விழிக்க இன்னொருவர் என்று ஆள் இருக்கும். அங்கே நிலை வேறு. மகன் ஒரு மாநிலத்தில், மகள் இன்னொரு மாநிலத்தில். ஸக்ராத் நிலையில் இருக்கும் முதியவரின் காதருகே கலிமாவை மெல்லச் சொல்ல ஆள் இல்லாமல் போகலாம். எழுந்து நிற்க இயலாதவர் எப்படித் தொழுவது, மருந்தேற்றும் குழாயுடன் கிடப்பவர் எவ்வாறு தயம்மும் செய்வது, ஜனாஸாவை யாரிடம் ஒப்படைப்பது என்னும் கேள்விகளுக்கு மருத்துவரோ செவிலியரோ விடை சொல்ல இயலாது. இந்த இடைவெளியை நிரப்பவே முஸ்லிம் சாப்லின் தேவைப்படுகிறார்.

இதற்கெனக் கல்விக்கூடங்களும் தோன்றியுள்ளன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு செமினரி இதில் முன்னோடி. முஸ்லிம் சாப்லின்களுக்கான கல்வித் திட்டத்தை அங்கு உருவாக்கி வளர்த்தவர் டாக்டர் இங்க்ரிட் மேட்சன் என்னும் முஸ்லிம் பெண்மணி. 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஹார்ட்ஃபோர்டு சர்வதேசப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் உள்ள மார்க்ஃபீல்டு உயர்கல்வி நிறுவனமும் முஸ்லிம் சாப்லின்களுக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது.

2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்று இக்கல்வியின் போக்கை மாற்றிற்று. வகுப்பறைகள் மூடப்பட்டன, பாடங்கள் திரைக்கு வந்தன. தொற்று தணிந்த பின்னரும் பல நிறுவனங்கள் அம்முறையைக் கைவிடவில்லை. இதனால் பெரும் பயன் விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கைக்குழந்தையை விட்டு வெளியூர் சென்று தங்க முடியாத தாய்மார்கள் வீட்டிலிருந்தே கற்கிறார்கள். நோயாளியின் உரிமைகள், மரணத் துயரின் இயல்பு, மனநோயின் அறிகுறிகள், பிற சமயத்தவரின் வழக்கங்கள், நோயாளிக்கு ஷரீஅத் தந்துள்ள சலுகைகள் ஆகிய யாவற்றையும் திரை வழியாகக் கற்பிக்க முடியும்.

ஆனால், கல்வி அதோடு முடிந்துவிடுவதில்லை. இதை விளங்கிக்கொள்ள நூறாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஆன்டன் பாய்சன் என்னும் அமெரிக்கக் கிறித்தவ போதகர் 1920ஆம் ஆண்டில் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். நலமடைந்து வெளியே வந்த அவர், சமயக் கல்வி கற்கும் மாணவர்கள் ஏடுகளை மட்டும் படித்தால் போதாது, துன்புறும் மனிதரையும் படிக்க வேண்டும் என்று கருதினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் அரசு மருத்துவமனையில் 1925ஆம் ஆண்டில் சில மாணவர்களைக் கொண்டு அப்பயிற்சியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த மருத்துவமனைப் பயிற்சியே இன்று அமெரிக்காவில் இப்பணிக்கு அடித்தளமாக விளங்குகிறது. ஒரு பயிற்சி அலகு என்பது 400 மணி நேரம். அதில் வகுப்புக்குக் குறைந்தது 100 மணி. எஞ்சியவற்றில் பெரும்பகுதி நோயாளிகளிடையே செலவிடப்படுகிறது. முழுத் தகுதிச் சான்றிதழ் பெற இத்தகைய 4 அலகுகளை, அதாவது 1,600 மணி நேரத்தை, நிறைவு செய்ய வேண்டும். உயர்கல்விப் பட்டமும் வேண்டும்.

இப்பயிற்சியில் ஒரு முறை உண்டு. மாணவர் நோயாளியைச் சந்தித்துத் திரும்பியதும், பெயரையும் அடையாளத்தையும் மறைத்து, நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். பின்னர் ஆசிரியரும் சக மாணவர்களும் அதை வாசித்து ஆராய்வார்கள். எடுத்துக்காட்டாக, குழந்தை இறந்தே பிறந்த ஒரு தாய், "நான் செய்த எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை?" என்று கேட்டு அழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் பதறிப்போய், பொறுமையின் சிறப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்துவிடுகிறார். அவர் சொன்னவை யாவும் உண்மையே. ஆயினும் ஆசிரியர் கேட்பார்: "அந்தத் தாய் ஏன் அப்படிக் கேட்டார் என்று விசாரித்தீர்களா? பேச்சு யாருடைய மன அமைதிக்காக? அவருக்காகவா, அவருடைய கண்ணீரைத் தாங்க முடியாத உங்களுக்காகவா?"

இக்கேள்வியைத் திரை வழியாகவும் கேட்கலாம். ஆனால் அந்தத் தாயின் முன் அமர்ந்து, பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்வதைத் திரை தர முடியாது. ஆகவேதான் இணையம் வழியாக நடக்கும் முறையான பயிற்சிகளிலும், வகுப்பு மட்டுமே திரையில் நடக்கிறது. பணியை மாணவர் தம் ஊரில் உள்ள மருத்துவமனையிலோ சிறையிலோ முதியோர் இல்லத்திலோ நேரில் செய்ய வேண்டும்.

எனவே, இப்படிப்பில் சேர விரும்பும் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த நிறுவனத்தின் சான்றிதழை அங்குள்ள மருத்துவமனைகள் ஏற்கின்றனவா? நேரில் செய்யும் பணி எத்தனை மணி நேரம், எங்கே? உன் பணியைக் கண்காணித்துத் திருத்தும் ஆசிரியர் யார்? சில மணி நேரம் காணொளி பார்த்துக் கட்டணம் செலுத்தினால் சான்றிதழ் அனுப்புகிறோம் என்று சொல்வோரும் உண்டு. அதை நம்பிப் பணத்தை இழப்பது சிறிய நட்டமே. பக்குவம் பெறாத ஒருவர், மனம் உடைந்த மனிதரின் முன் போய் நிற்பதுதான் பெரிய நட்டம்.

பிற சமயத்து நோயாளியிடமும் முஸ்லிம் சாப்லின் செல்லலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். பெரும்பாலும் செல்ல வேண்டியிருக்கும். ஆனால் அவர்களுடைய வழிபாட்டை இவர் நடத்த வேண்டியதில்லை. அவர்கள் விரும்பினால் அவர்களுடைய போதகரை வரவழைத்துக் கொடுப்பார். செவி கொடுத்துக் கேட்பார். தம் மார்க்கத்தை அவர்கள் மீது திணிக்க மாட்டார். படுக்கையில் கிடப்பவரின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது இப்பணியின் ஒழுக்கம்.

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பராமரிப்பில் வைக்கப்பட்டார்கள். நோயுற்றிருந்த தன் அடியானை நலம் விசாரிக்கச் செல்லாதவனை மறுமையில் இறைவன் விசாரிப்பான் என்றும், சென்றிருந்தால் அந்நோயாளியிடத்தில் தன்னைக் கண்டிருப்பாய் என இறைவன் உணர்த்துவான் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபிமொழி கூறுகிறது. அந்த நபிமொழி நம்மை நோயாளியின் அருகே செல்லச் சொல்கிறது. தொலைவில் இருந்தபடி அதை நிறைவேற்றிவிட முடியுமா என்று சிந்தித்துப் பாருங்கள்.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ இப்படிப்பை நாடினால் தடுக்காதீர்கள். "வகுப்பை வீட்டில் படி, பணியைக் கட்டிலருகே படி" என்று சொல்லி அனுப்புங்கள். அங்கே நம்மவர் ஒருவர் இறுதி மூச்சு விடும் நேரத்தில், பக்குவமும் பரிவும் உள்ள ஒரு குரல் அவர் காதருகே ஒலிக்கட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.