தேரில் ஏறுபவர் யார்?

சிற்றூர் மக்கள் அறியாமையில் உழல்கின்றனர். ஊருக்கு இணையமும் ஆளுக்கொரு கைப்பேசியும் கிடைத்துவிட்டால் நலவாழ்வு தானே வந்துவிடும் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். இது அரை உண்மை. அரை உண்மை முழுப் பொய்யினும் கேடு பயப்பது.

வேறுபாடு இருப்பதை மறுப்பதற்கில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய நகர்ப்புறப் பெண்களில் 51.8 விழுக்காட்டினர் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள். சிற்றூர்ப் பெண்களில் 24.6 விழுக்காட்டினரே. வீட்டில் நோயாளியைப் பேணுபவள் பெண். கைப்பேசியோ ஆணின் சட்டைப்பையில்! இந்த அநீதி களையப்பட வேண்டியதே. ஆனால் இணையம் வந்தால் தெளிவும் உடன் வந்துவிடுமா?

2018 சூலையில் திருப்பூரில் ஆசிரியை ஒருவர், காணொலிகளின் துணையோடு வீட்டிலேயே பிள்ளை பெற முயன்று, குருதிப்போக்கால் உயிரிழந்தார். அது பெரிய தொழில் நகரம். மருத்துவமனைகள் நிறைந்த ஊர். தகவலுக்கா அங்கே பஞ்சம்?

இனி, நம் தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1993இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு கூரைக் குடிசையில் அங்கே பணி தொடங்கினர். மலைவாழ் பெண்களையே தெரிந்தெடுத்து, செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தனர். அப்பெண்கள் தம் சொந்த மொழியில், சொந்த உறவினரிடம் பேசினர். இணையம் எட்டிப் பாராத அந்நாளிலேயே குழந்தைச் சாவுகள் பெரிதும் குறையத் தொடங்கின.

திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரம் இதை என்றோ சொல்லிவிட்டது. எத்தியோப்பிய அமைச்சரின் கையில் ஏடு இருந்தது, படிக்கவும் தெரிந்தது, பொருள்தான் விளங்கவில்லை. பிலிப்பு தேரில் ஏறி அருகே அமர்ந்த பின்னரே ஏடு வாழ்வாயிற்று. இன்று ஏடுகள் பெருகிவிட்டன, பிலிப்புகள்தாம் இல்லை. ஐயம் எழுந்தால் நகரத்தார் பத்து நிமிடத்தில் மருத்துவரைக் கேட்கலாம். மலையூர்த் தாய் யாரைக் கேட்பாள்? அதே தவறான செய்தி அவளுக்கு இரட்டிப்பு ஆபத்தன்றோ!

நம் பங்குகளின் நிலை என்ன? காலையில் நற்செய்தி வசனம். அடுத்த நொடியில் அதே வாட்ஸ்அப் குழுவில், சர்க்கரை நோயை ஒரு வாரத்தில் ஒழிக்கும் கசாயம்! எழுதியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தும் ஏழைக்கு யார் பொறுப்பு? பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டுமா? மருத்துவரை மதிக்கக் கற்பிக்கும் சீராக் நூலை வாசிக்கும் நாம், ஆராயாத செய்தியைப் பரப்புவதை அன்புப்பணி என்று அழைப்பது வெட்கக்கேடு.

பொதுநிலையினரே, நம் அன்பியங்களில் செவிலியர் இருக்கின்றனர்; மருந்தாளுநர் இருக்கின்றனர்; படித்த இளையோர் இருக்கின்றனர். மாதம் ஒருமுறையேனும் அன்பியக் கூட்டத்தில், வந்த செய்தியில் மெய் எது, பொய் எது என்று அவர்கள் விளக்கட்டும். அரசின் 104 என்னும் இலவச மருத்துவ ஆலோசனை எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கட்டும். கைப்பேசி வைத்திருப்பவர், அது இல்லாத அண்டை வீட்டுத் தாய்க்காக ஒருமுறை அழைத்துக் கேட்கட்டும்.

ஏட்டை அனுப்புவது எளிது. தேரில் ஏறி அருகே அமர்வதே திருத்தூதுப்பணி.